கீழ்க் கீல்

கிறீச்.

தவசிக்கனி அண்ணாச்சி படிக்கட்டின் பாதியில் நின்றார். மாடி இன்னும் கண்ணில் படவில்லை. ஆனால் எந்தக் கதவின் சத்தம் அது என்று அவருக்குத் தெரியும்.

போன சனிக்கிழமைதான் அந்தக் கதவுக்கு எண்ணெய் விட்டிருந்தார்.

மறுபடியும் கேட்டது. கிறீ...ச்.

கல்லூரிப் பெண் ஒருத்தி, முகம் கழுவிய ஈரத்தோடு இறங்கி வந்தாள். அவரை நிமிர்ந்து பார்க்காமல் தாண்டிப் போனாள்.

மேலே, பேச்சறைக் கதவின் முன்னால் உலகம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சின்ன வாளி. கந்தல் துணியைத் தண்ணீரில் முக்கி, நடுக் கீலின் மேல் பிழிந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ணுத?"

அவள் திடுக்கிட்டு எழுந்தாள்.

"சும்மா, அண்ணாச்சி. தொடச்சேன்."

பிறகு, ஏதோ நல்ல சேதி சொல்வதைப் போல மெதுவாகச் சொன்னாள்: "இப்பதான் ஒரு பிள்ளை போச்சு. முக்கா மணி நேரம் பேசிச்சு."

அவர் கேட்டது ஒன்று, அவள் சொன்னது ஒன்று. அவர் வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

உப்பு.

அண்ணாச்சி தூத்துக்குடியில் நாற்பது வருஷமாக இரும்புக் கடை வைத்திருப்பவர். கடல்காற்று எதையும் தின்றுவிடும் ஊர். துருவோடு சண்டை போட்டே பிழைத்தவர். அந்தக் கதவுக்குச் சித்திரை மாதம் தன் கடையிலிருந்தே புதுக் கீல் மூன்று கொண்டுவந்து, தன் கையாலேயே மாட்டியவர்.

வாளியைத் தூக்கிக்கொண்டு சிஸ்டரைத் தேடிப் போனார்.



மெற்றில்டா சிஸ்டர் பின்கட்டில் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்.

அரசு மருத்துவமனையின் மனநல வார்டில் பதினைந்து வருஷம் நர்ஸாக இருந்தவர். அதை விட்டுவிட்டு இந்த மாடியைப் பிடித்தார். மனசு சரியில்லாத இளம்பிள்ளைகள் யாரும் வரலாம், பேசலாம். பெயர்ப் பலகை கிடையாது. பலகை இருந்தால் பிள்ளைகள் படியேற மாட்டார்கள் என்பார்.

சிஸ்டருக்கு ஐம்பது வயது. அண்ணாச்சிக்கு ஐம்பத்தெட்டு. இருந்தாலும் பன்னிரண்டு வருஷமாகப் பாடம் கேட்பவர் அண்ணாச்சிதான்.

அன்றைக்கு நாலு மணிக்கு அறங்காவலர் குழுக் கூட்டம். சிஸ்டர் தலைவர் பொறுப்பை விடுகிறார். அடுத்தவர் பெயரை அவர்தான் முன்மொழிய வேண்டும்.

அண்ணாச்சி துணைத் தலைவர். புதுச் சட்டை தைத்துப் போட்டு வந்திருந்தார். கையில் ஒரு கிலோ மக்ரூன்.

"சிஸ்டர், இது என்னன்னு கேளுங்க."

"வாளி."

"உள்ள இருக்கது?"

"தண்ணி."

"உப்புத் தண்ணி! நான் எண்ணெய் விடுதேன். அவ உப்பு விடுதா. வேணும்னே செய்யுதா, சிஸ்டர்."

"ஆமா. வேணும்னேதான்."

அண்ணாச்சி வாளியைக் கீழே வைத்தார். இப்படி உடனே ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"உப்பு கொடுத்ததே நான்தான்."

சிஸ்டர் ஒரு கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அழுக்கு போகவில்லை. மறுபடி தேய்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க எதுக்கு வந்தீங்க?"

"இந்தக் கீலுக்குத்தான்."

"கீலுக்குப் புதுச் சட்டையா?"

அவர் மக்ரூன் பொட்டலத்தின் நூலைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கினார்.

"அவ பேரைத்தான் சொல்லப் போறீங்கன்னு பேச்சா இருக்கு."

"ஆமா."

"அவளுக்கு இருபத்தாறு."

"தெரியும்."

"குழுவுக்கு வந்து ரெண்டு வருஷம். நான் பன்னெண்டு வருஷம். இந்தக் கூரை ஓட்டை மாத்தினது யாரு? மோட்டார் போட்டது யாரு? ஒரு பல்பு எரியலைன்னா யாருக்குப் போன் வரும்?"

"உங்களுக்குத்தான்."

"அவ இங்க அழுதுட்டுக் கிடந்தவ, சிஸ்டர். அதை நான் தப்பாச் சொல்லல. அவளே கூட்டத்துல சொல்லுதா. அப்படிப்பட்டவளைத் தலைவர்னா ஊரு என்ன நினைக்கும்?"

"ஊரு இந்த மாடிக்கு வந்திருக்கா?"

அண்ணாச்சி சுவரைப் பார்த்தார்.

"அவளை உலகுன்னு கூப்பிடுதீங்க. என்னை அண்ணாச்சிங்கீங்க."

"நீங்க எனக்கு மூத்தவரு."

"அது எனக்கும் தெரியும்."

சொல்லிவிட்டு அவருக்கே கூச்சமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார்.

"சொந்த விஷயம் இருக்கட்டும். மூணு மாசமாப் பிள்ளைக பேச மாட்டேங்குதாவ. பாதியிலயே எழும்பிப் போறாவ. ஆலோசகர் ரெண்டு பேரும் சரியில்ல, மாத்தணும். எழுதிக் கொண்டாந்திருக்கேன். இதுக்கெல்லாம் கண்டிப்பான தலைமை வேணும்."

"எப்பலேருந்து எழும்பிப் போறாங்க?"

"சித்திரையிலருந்து."

"ம்."

அடுத்த கிளாஸை எடுத்தார் சிஸ்டர்.

"நீங்க அவ பேரைச் சொன்னா நான் ஓட்டு கேப்பேன். அஞ்சு பேரு இருக்கோம். இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. லூயிஸ் சார் என் பக்கம்."

"லூயிஸ் சார் எழுப்பினவங்க பக்கம்."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜரான லூயிஸ் சார், கூட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுவார்.

சிஸ்டர் கையைத் துடைத்தார்.

"எண்ணெய் இருக்கா?"

"பையில எப்பவும் இருக்கும்."

"போய் விடுங்க. மூணு கீலுக்கும். சத்தம் சுத்தமாப் போகணும். அப்புறம் பேசுவோம்."



அவர் ஜெயித்துவிட்டார். அப்படித்தான் தோன்றியது.

உலகம்மாள் ஒதுங்கி நின்று, கதவு ஆடாமல் பிடித்துக்கொண்டாள். அவர் ஈரத்தைத் துடைத்தார். மேல் கீல், நடுக் கீல், கீழ்க் கீல் என்று மூன்றுக்கும் எண்ணெய் இறக்கினார். ஒரு சொட்டு புதுச் சட்டையின் கைப்பட்டியில் விழுந்தது.

கதவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். பூனை நடப்பதைப் போல இருந்தது.

"நல்ல வேலை," என்றார் சிஸ்டர்.

உலகம்மாள் அதைக் கேட்டாளா என்று அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார்.

"உலகு, நீ பக்கத்து அறையில நாற்காலி போடு. அண்ணாச்சி, நீங்க உள்ள வாங்க."

பேச்சறையில் இரண்டு நாற்காலிகள். இரண்டும் ஜன்னலைப் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இங்கே யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. கதவு முதுகுக்குப் பின்னால்.

பன்னிரண்டு வருஷத்தில் அண்ணாச்சி அதில் உட்கார்ந்ததே இல்லை. ஏணியைப் போட்டு இந்த அறையில் நின்றிருக்கிறார். அவ்வளவுதான்.

உட்கார்ந்தார். ஜன்னலில் உப்புக் குவியல்கள் வெள்ளையாகத் தெரிந்தன. தூரத்தில் துறைமுகக் கிரேன்.

"சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல?"

"கீலைப் பத்தி இல்லாம எதுன்னாலும்."

அவர் வாயைத் திறந்தார். திரும்பிக் கதவைப் பார்த்தார். மூடியிருந்தது.

"தாழ்ப்பாளைப் போட்டுக்கிடலாமா?"

"எந்தத் தாழ்ப்பாளை?"

அந்த அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. முதல் வருஷமே கழற்றியாயிற்று. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கழற்றியவரே அண்ணாச்சிதான்.

சிஸ்டர் காத்திருந்தார்.

"அந்தப் பிள்ளை மேல எனக்கு ஒண்ணும் இல்ல, சிஸ்டர். நல்ல பிள்ளைதான்."

"ம்."

"ஆனா அவ மாடியேறி வந்தா, இங்க இருக்கிற பிள்ளைக முகமெல்லாம் அந்தப் பக்கம் திரும்புது. நான் வந்தா, பல்பு மாத்த வந்திருக்காவன்னு வழி விடுதாவ."

திரும்பிப் பார்த்தார். கதவு மூடியிருந்தது.

"நான் என்ன கேட்டேன்? உள்ள வந்தா, ஒரு பிள்ளை என்னைப் பாத்துச் சிரிக்கட்டும்னுதானே?"

"ம்."

"அவ பேசும்போது எங்கயாவது தடுக்காதான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். ஒரு கூட்டத்துல தேதியைத் தப்பாச் சொன்னா. நான் திருத்தினேன். வீட்டுக்குப் போற வரைக்கும் அது இனிச்சுக்கிட்டே இருந்துச்சு."

மறுபடி திரும்பிப் பார்த்தார். மூடித்தான் இருந்தது. குரல் இறங்கிவிட்டது.

"போன மாசம் அவளுக்கு டெங்குன்னாவ. ஆஸ்பத்திரியில சேத்திருக்குன்னு."

"ஆமா."

"எல்லாரும் ஓடிப் போனீங்க. நான் கடையிலயே இருந்தேன்."

சிஸ்டர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு... எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, சிஸ்டர்."

சொல்லி முடிக்கவும் பிடரியில் காற்றுப் பட்டது.

திரும்பினார்.

கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"யாரு?"

இடுக்கில் வெறும் தாழ்வாரம்தான் தெரிந்தது. பக்கத்து அறையில் நாற்காலி இழுபடும் சத்தம்.

"யாராவது வந்தாவளா?"

"தெரியல."

"காத்தா இருக்கும்."

"இருக்கும்."

"இல்ல, அந்தப் பிள்ளையா? பக்கத்துலதானே இருக்கா? கேட்டிருப்பாளா?"

"தெரியலியே, அண்ணாச்சி."

"எப்படித் தெரியாமப் போகும்? கதவு தொறந்தா..."

கீலைப் பார்த்ததும் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.



கீழே தெருவில் ஒரு மீன் வண்டி போனது. அதன் மணிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

சிஸ்டர் நாற்காலியை நிமிர்த்திப் போட்டார்.

"மிச்சத்தைச் சொல்லுங்க."

"முடியல."

"பாதியிலயே எழும்பிட்டீங்க."

அண்ணாச்சி சட்டைப் பையைத் தொட்டார். மடித்த தாள் அங்கேதான் இருந்தது. வெளியே எடுக்கவில்லை.

"இந்தச் சத்தம் வேணும்னு அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இந்த நாற்காலியில ரெண்டு வருஷம் உக்காந்தவ. அப்ப பழைய கீலு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"நானும் அதைத்தான் சொன்னேன். 'அண்ணாச்சி ஆசையாப் போட்டது, சொன்னா முகம் வாடிரும், தானா துருப்பிடிச்ச மாதிரி இருக்கட்டும்'னா."

அதற்கு அவள் திட்டியிருந்தால் தேவலை.

கதவைத் திறந்து வெளியே வந்தார். அது ஒரு சத்தமும் போடவில்லை.

உலகம்மாள் கடைசி நாற்காலியைச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, மக்ரூனை இப்பவே தட்டுல வைக்கவா, கூட்டம் முடியட்டுமா?"

அவள் முகத்தைத் துழாவிப் பார்த்தார். கேட்டிருக்கிறாளா, கேட்கவில்லையா? ஒன்றும் தெரியவில்லை. இனி எப்போதும் தெரியப் போவதில்லை.

"இப்பவே வெச்சிரு, தாயி."

பின்கட்டுக்குப் போனார். வாளி வைத்த இடத்தில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து பேச்சறை வாசலில் உட்கார்ந்தார். முழங்கால் சடக்கென்றது. சட்டைக் கையை மேலே மடித்தார்.

உலகம்மாள் தட்டோடு நின்றுவிட்டாள்.

"மூணுக்கும் உப்பு விட்டாச்சா, பாக்கி இருக்கா?" என்று கீலைப் பார்த்தபடியே கேட்டார்.

"கீழ்க் கீல் பாக்கி, அண்ணாச்சி. ஆனா இப்ப எண்ணெய் ஏறிருச்சு. மூணையும் முதல்ல சோப்பு போட்டு எடுக்கணும்."

அது அவருக்குத் தெரியாததல்ல.

"உப்பு எவ்வளவு?"

"ரெண்டு கை."

அவள் சோப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

படியில் இருமல் கேட்டது. லூயிஸ் சார் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"என்ன அண்ணாச்சி, தலைவராகப் போறவரு தரையில உக்காந்திருக்கீரு?"

"உள்ள போங்க, சார். டீ வரும்."

"போறேன், போறேன். தூக்கத்துக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கிடுதேன். நான் யாருக்குக் கையத் தூக்கணும்?"

அண்ணாச்சி கீலைத் தேய்த்தார். சோப்பு நுரை கருத்து, விரலிடுக்கில் வழிந்தது. லூயிஸ் சார் இன்னும் உள்ளே போகவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு."

"எந்தப் பிள்ளைக்கு?"

"உலகுக்கு."

லூயிஸ் சார் அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு உள்ளே போனார்.

அண்ணாச்சி துணியை வாளியில் முக்கினார். கீழ்க் கீலின் மேல் வைத்துப் பிழிந்தார்.