கூடப்பிறந்த சேர்மன்

எலும்பு முறிவு வார்டின் கிளார்க் ஜெபக்கனி முன்னால் ஒன்றியச் சேர்மன் சொரிமுத்து வந்து நின்றார்.

"பேச்சித்தாயை இப்பவே என்கூட அனுப்பு. என் கூடப்பொறந்த அக்காவாக்கும். மாட்டேன்னா நாளைக்கு உனக்கு இங்க வேலை கிடையாது."

ஜெபக்கனிக்கு நம்பிக்கை வரவில்லை. கால் ஒடிந்து கிடக்கும் அந்த விதவையைப் பார்க்க இதுவரை ஒரு ஈ காக்கைகூட வந்ததில்லை. சேர்மனைக் கண்டதும் பேச்சித்தாய் கைப் பெருவிரலைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டாள். சேர்மனோடு வந்தவன் கையில் பத்திரமும் மை டப்பாவும் இருந்தன. இவர்கள் அவள் வயலை எழுதி வாங்கக் கைநாட்டு வைக்கச் சொல்லி வந்தவர்கள் என்று ஜெபக்கனிக்குப் பொறி தட்டியது.

"நல்ல நேரத்துல வந்தீங்க அண்ணாச்சி! அக்காவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. கூடப்பொறந்தவங்க வந்தா ஒண்ணை எடுத்து வச்சிரலாம்னு டாக்டர் காத்துக்கிட்டிருக்காரு. சட்டையைக் கழட்டுங்க."

சேர்மனுக்கு வியர்த்துவிட்டது. "கூடப்பொறந்ததுன்னா... ஒரே ஊரு, அம்புட்டுதான்."

"அப்ப சொந்தமில்லையா?" வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

"சத்தியமா இல்லம்மா!"

"சொந்தமில்லாதவங்ககூட நோயாளியை அனுப்ப முடியாதே, அண்ணாச்சி."

எல்லாரும் சிரிக்க, சேர்மன் வேகமாகப் படியிறங்கினார்.

பேச்சித்தாய் ஜெபக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எனக்குக் கிட்னி போச்சா தாயி?"

"உங்களுக்குக் கால்தான்க்கா. கிட்னி கலங்கினது அவருக்கு."