தொட்டியில் ஓடிய இன்ஜின்

கடலோரத்து மடத்துக்கு வருகிறவர்கள் மாற்றுத்துணி கொண்டு வருவார்கள். நம்புராஜன் மாற்றுத்துணியோடு வள்ளத்தின் பின்பக்கம் மாட்டும் ஓர் அவுட்போர்டு இன்ஜினையும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

அது அவருடைய பங்கு. அண்ணன் தம்பிக்குள் சண்டை முற்றி, சொந்தபந்தம் கோயிலில் கூடிப் பாகம் பிரித்தது. அண்ணன் முனியாண்டிக்கு வள்ளம், தம்பிக்கு அந்த வள்ளத்தின் இன்ஜின். யாருக்கும் குறை வைக்கவில்லை என்ற திருப்தியோடு எல்லோரும் எழுந்து போனார்கள். மறுநாள் இருவரில் ஒருவராலும் ஆழக்கடலுக்குப் போக முடியவில்லை. அண்ணன் வீம்புக்காரர். வேறு இன்ஜின் வாங்காமல் துடுப்புப் போட்டே கரையோரத்தில் பிழைத்தார். தம்பி சீடராகிவிட்டார்.

குரு தெளிவானந்தர் நம்புராஜனைவிட வயதில் சிறியவர். பெயரில்தான் தெளிவு. அவரிடம் பேசிவிட்டுத் தெளிவாக எழுந்து போனவர் யாரும் கிடையாது.

ஒரு நாள் கும்பிட வந்த ஊர்க்காரர் சேதி சொன்னார். முனியாண்டிக்குத் தோள் விழுந்துவிட்டதாம். துடுப்பைத் தூக்க முடியவில்லை, வள்ளம் கரையேறிக் கிடக்கிறது, வீட்டில் அடுப்பெரிவதே பெரும்பாடு. நம்புராஜன் "அப்படியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பிறகு மாட்டுக்கொட்டகைக்குப் போய், பல வருஷமாகத் தொடாத இன்ஜின்மேல் கிடந்த சாக்கை விலக்கினார்.

விலக்கிவிட்டு குருவிடம் போனார்.

"சாமி, அந்தப் பழைய இன்ஜின் தேறுமாங்க?"

"தேறாது. எடைக்குப் போட்டுருங்க."

வந்து பார்க்காமலே சொல்கிறாரே என்று நம்புராஜனுக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலையில் குருவே கொட்டகைக்கு வந்தார்.

"இன்னும் போடலையா?"

"இல்ல சாமி. கயித்தை இழுத்துப் பார்த்தேன். பிஸ்டன் இறுகிப் போகல. இழுத்தா எதிர்த்து நிக்குது. உசிரு இருக்கு."

"அப்ப தேறும்."

"நேத்து தேறாதுன்னீங்களே."

"நேத்து நீங்க இழுத்துப் பார்க்கலையே."

"இதுல எது சரி சாமி?"

"மாட்டுக்குத் தண்ணி வச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு குரு போய்விட்டார்.

நம்புராஜனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. பிளக்கைக் கழற்றித் தேய்த்தார். கார்பரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பாகாக உறைந்திருந்தது, அதைச் சுரண்டினார். தண்ணீரை உறிஞ்சி இன்ஜினைக் குளிரவைக்கும் ரப்பர் சக்கரம் இதழ் உடைந்து கிடந்தது. டவுனுக்குப் போய் ஒன்று வாங்கி வந்து மாட்டினார். ஒவ்வொரு திருகை முடுக்கும்போதும் இது யாருக்காக என்று அவருக்கே தெரியவில்லை. தெரியாதது எரிச்சலாக இருந்தது.

தண்ணீரில் நிற்காமல் அந்த இன்ஜினை ஓடவிடக் கூடாது, சூடேறிக் கெட்டுவிடும். மாடு குடிக்கும் சிமெண்டுத் தொட்டியில் பலகை கட்டி அதை இறக்கினார். குரு தன் கையாலேயே தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்பினார்.

நம்புராஜன் கயிற்றை இழுத்தார். இருமியது. மறுபடி இழுத்தார். கரும்புகையைக் கக்கிவிட்டு, படபடவென்று ஓட ஆரம்பித்தது. பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சியது. நம்புராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தேறிருச்சு சாமி."

"எவ்வளவு தூரம் போச்சு?"

"சாமி?"

"இவ்வளவு நேரமா ஓடுதே. எவ்வளவு தூரம் போயிருக்கும்?"

"தொட்டிக்குள்ள எங்க சாமி போகும்?"

"அப்ப தேறிருச்சுன்னு எதை வச்சுச் சொன்னீங்க?"

நம்புராஜன் குழம்பிப்போய் இன்ஜினை நிறுத்தினார். சாமிக்குக் கடல் தொழில் தெரியாது, எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று நினைத்தார்.

"நீங்க கேக்குறதும் சரிதான் சாமி. தொட்டியில எந்த இன்ஜினும் நல்லாத்தான் ஓடும். வள்ளத்துல மாட்டணும். ஆளும் வலையும் ஏறணும். எதிர்காத்துல முக்காம இழுக்குதான்னு பார்க்கணும். அப்பத்தான் தெரியும்."

"மாட்டிப் பார்த்துர வேண்டியதுதானே."

"எந்த வள்ளத்துல?"

நம்புராஜன் கையில் பட்டிருந்த மசியைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"சாமி, அண்ணன் மேல எனக்கு இப்ப கோபம் இல்ல. சத்தியமா இல்ல. இங்க வந்தப்புறம் ஒரு நாள்கூட யாரையும் கடிஞ்சு ஒரு வார்த்தை பேசினதில்ல. மனசு தெளிஞ்சுபோச்சு. அதான், இனி அங்க போய் நின்னு என்ன ஆகப்போகுதுன்னு..."

குரு தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கலங்கியிருந்த தண்ணீர் அடங்கி, மேலே எண்ணெய் மெல்லப் படர்ந்துகொண்டிருந்தது.

"நான் சொல்றது சரிதானே சாமி?"

"நம்ம மடத்துத் தொட்டி நல்ல தொட்டி, நம்புராஜன்," என்றார் குரு. "ஒரு அலைகூட அடிக்காது."