ஏழாம் வகுப்பின் பிரெஞ்சுப் பீரியட்

மதுரை கீழவாசலில் ஒரு பள்ளிக்கூடம். அதன் தாளாளர் ஞானசிகாமணிக்கு, ஒருமுறை பாரிஸ் போய்வந்த பெருமை அடங்கவே இல்லை. ஏழாம் வகுப்பின் விளையாட்டுப் பீரியடை எடுத்துப் பிரெஞ்சுக்குக் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் பெஞ்சுக்கடியில் காலை ஆட்டிக்கொண்டு மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெற்றோர் கூட்டத்தன்று, உட்கார முடியாமல் நெளிந்துகொண்டிருந்த ஏழாம் வகுப்பு ஹம்சவேணியைத் தாளாளர் மேடைக்குக் கூப்பிட்டார்.

"பிரெஞ்சுல நாலு வார்த்தை பேசு. பேசலைன்னா சனிக்கிழமையும் உங்களுக்கு வகுப்புதான்."

பாடம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஹம்சவேணி நிமிர்ந்து நின்று மளமளவென்று பேசினாள்.

தாளாளர் கண்ணை மூடித் தலையாட்டினார். "பாரிஸ்ல இப்படித்தான் பேசுவாங்க. நீ சொன்னது ஒவ்வொண்ணும் சரி."

பெற்றோர் வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அங்கே பாதிப் பேர் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள்.

"எதுக்குச் சிரிக்கிறாங்க?" என்றார் தாளாளர்.

"நான் பேசினது எங்க வீட்டுப் பாஷை, சார்," என்றாள் ஹம்சவேணி. "விளையாட்டுப் பீரியடை எங்களுக்கே திருப்பித் தரணும்னு சொன்னேன். நீங்களும் சரின்னுட்டீங்க."

அத்தனை பேர் முன்னால் சொன்னதை அவரால் மாற்ற முடியவில்லை. திங்கட்கிழமை ஏழாம் வகுப்பு மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு டீச்சர் தாளாளருக்கே பாடம் நடத்தப் புத்தகத்தோடு அவர் அறைக்குள் போனார்.