புளியமரத்தில் காய்த்த மீன்

ஏரிக்கரையில் இருந்த கரிச்சான் குருவிக்கு எல்லோருடைய குரலும் வரும். மயில் மாதிரி அகவும், பூனை மாதிரி சீறும், கீரி மாதிரி கத்தும். விடிவதற்கு முன்னால் எழுந்துவிடும் பறவையும் அதுதான். அதனால் அந்த ஏரிக்காட்டுக்குச் செய்தி சொல்லும் வேலை தானாகவே அதனிடம் வந்து சேர்ந்தது.

தினமும் பனைமரத்து உச்சியில் உட்கார்ந்து சொல்லும். எந்தப் பள்ளத்தில் இன்னும் தண்ணீர் கிடக்கிறது, ஆட்டுக்காரர் எந்தப் பக்கம் வருகிறார், ஊர் நாய்கள் எங்கே சுற்றுகின்றன, எல்லாம் சொல்லும். பகலில் நாய்கள் கரை ஏறினாலும் முதல் குரல் கரிச்சானுடையதுதான். அந்தக் குரலை நம்பித்தான் முயல் மேயப் போகும், கௌதாரி குஞ்சுகளை வெளியே விடும். அது பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை.

கரையில் வளை தோண்டிக் குடியிருந்தது ஒரு பெண் நரி. செவலை என்று பெயர். கரையோரக் கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டும் காலம்தான் செவலைக்குத் தீபாவளி. நாரைகள் குஞ்சுகளுக்கு மீன் ஊட்டும்போது பாதி வாய்க்குள் போகும், பாதி கீழே விழும். காற்றடித்தால் இன்னும் கொஞ்சம் விழும். செவலை மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கும். விழுந்ததைக் கவ்விக்கொண்டு வளைக்கு வரும். போன வருஷத்துக் குட்டிகளை அப்படித்தான் வளர்த்து ஆளாக்கியது.

இந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஏரி சுருங்கிக் குட்டையானது. நாரைகள் பாதியிலேயே கூட்டைப் போட்டுவிட்டுப் பறந்துவிட்டன. செவலைக்கு அப்போதுதான் இரண்டு குட்டிகள் பிறந்து கண் திறந்திருந்தன. தாய்க்கு வயிறு காய்ந்தால் பால் எங்கிருந்து வரும்? மூத்தது பெண்குட்டி, கொஞ்சம் தெம்பாக இருந்தது. சின்னவன் தலையைத் தூக்கவே கஷ்டப்பட்டான்.

பஞ்ச காலத்தில் செய்தியும் பஞ்சம்தான். இன்றும் மழை இல்லை, இன்றும் மழை இல்லை என்று கரிச்சான் எத்தனை நாள்தான் சொல்லும்? கேட்க வருபவர்கள் குறைந்தார்கள். மயில் முகத்துக்கு நேராகவே கொட்டாவி விட்டது. கூட்டமாகத் திரியும் தவிட்டுக்குருவிகள், சிரிக்கிற மாதிரி ஏதாவது சொன்னால் நாலு பேர் வருவார்கள் என்று அதன் காதில் ஓதின. கரிச்சானுக்கு அது பிடித்துப்போனது.

மறுநாள் காலை அது பனை உச்சியில் ஏறியது.

"முக்கியச் செய்தி. கல்குவாரிக்கு அந்தப் பக்கம் புளியந்தோப்பில் மரத்துக்கு மரம் மீன் காய்த்துத் தொங்குகிறது. கெண்டையும் விராலும் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. நேரில் பார்த்த கிழ நாரை இப்போது பேசும்."

சொல்லிவிட்டு, கிழ நாரையின் கரகரத்த குரலை அப்படியே எடுத்து விட்டது. "ஆமாம்ப்பா, நானே பார்த்தேன். கிளை தாங்கல. காத்தடிச்சா பொலபொலன்னு உதிருது."

மயிலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பக்கத்து வளைக் கீரி தரையில் புரண்டது. புளியமரத்தில் மீனாம். எல்லோருக்கும் ஒரே நொடியில் புரிந்துவிட்டது.

செவலைக்கு மட்டும் புரியவில்லை. அது முட்டாள் இல்லை. அதற்கு மரத்தடி என்றால் மீன், காற்றடித்தால் மீன். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் பார்த்திருக்கிறது. நாரைகள் வேறு தோப்புக்குப் போய்க் கூடு கட்டியிருக்கும், அதைத்தான் கரிச்சான் வேடிக்கையாகக் காய்த்தது என்று சொல்கிறது என்று நினைத்துக்கொண்டது. அதற்கு மேல் கிழ நாரையின் குரலையே காதால் கேட்டாயிற்று. இன்னும் என்ன வேண்டும்?

ஆனாலும் கல்குவாரி தூரம். போய்த் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். குட்டிகளைத் தனியாக விட மனசு வரவில்லை. அதனால் பனைமரத்தடிக்கே போய்க் கேட்டது.

"கரிச்சான் தம்பி, சேதி நெசந்தானே? புள்ளைங்களத் தனியா விட்டுட்டுப் போகணும். சின்னவனுக்கு இன்னிக்கு ஏதாவது கொடுத்தாத்தான் பொழைப்பான். அதான் கேக்கறேன்."

கரிச்சான் ஒரு கணம் தயங்கியது. பக்கத்துக் கிளையில் தவிட்டுக்குருவிகள் அலகை இறக்கைக்குள் புதைத்துக்கொண்டு குலுங்கின. இவ்வளவு பேர் பார்க்கும்போது எப்படி இல்லை என்பது?

"நாரை சொன்னதைக் கேட்டீங்கல்ல அக்கா? சீக்கிரம் போங்க. லேட்டாப் போனா தீர்ந்துடும்."

கீரி வாயைத் திறந்தது. ஒரு தவிட்டுக்குருவி அதன் காதருகே இறங்கி, "சொல்லித் தொலைக்காதே, நல்லா இருக்கறப்போ கெடுத்துடாதே" என்றது. கீரி வாயை மூடிக்கொண்டது. நரியே ஏமாறுகிறது, இதை யாராவது கெடுப்பார்களா?

செவலை குட்டிகளை வளையின் உள்மூலையில் தள்ளிவிட்டு, சத்தம் போடக்கூடாது என்று சொல்லிவிட்டு ஓடியது.

வெயில் ஏறியது. தோப்பில் புளியம்பழம்தான் தொங்கியது. செவலை முதல் மரத்தடியில் அண்ணாந்து நின்றது. அடுத்த மரத்துக்குப் போனது. காற்று வரட்டும், உதிரும் என்று காத்திருந்தது. காற்று வந்தது, நாலு புளியம்பழம் விழுந்தது. ஓடிப் போய் மோந்து பார்த்தது. அடுத்த காற்றுக்கு மறுபடியும் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

தோப்பு முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அப்போதுதான் செவலை பார்த்தது. தவிட்டுக்குருவிகள் மொத்தமும் கிளைகளில் உட்கார்ந்திருந்தன. மயில் ஒரு பாறையில் நின்றது. நடுவில் கரிச்சானும் இருந்தது. இந்த வேடிக்கையைப் பார்க்காமல் இருந்தால் எப்படி என்று எல்லோரும் பின்னாலேயே வந்திருந்தார்கள்.

செவலை சிரித்தவர்களைத் திட்டவில்லை. கரிச்சானை மட்டும் பார்த்தது.

"நீயும் இங்க வந்துட்டியா? அப்போ அங்க பனைமரத்துல யாரு இருக்கா?"

பதிலுக்கு நிற்காமல் செவலை வளையை நோக்கி ஓடியது.

பனைமரத்தில் யாரும் இல்லைதான். நடுப்பகலில் ஊர் நாய்கள் கரை ஏறியபோது குரல் கொடுக்க ஒருவரும் இல்லை. கீரி தன் வளைக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது. நாய்கள் செவலையின் வளையைத் தோண்டின. சின்னவன் எலிப்பொந்து மாதிரி ஒரு சந்துக்குள் நழுவி விழுந்துவிட்டான், தப்பித்தான். பெண்குட்டி தெம்பானது இல்லையா? தம்பியை எட்ட விடாமல் முன்னால் வந்து நின்று உறுமியிருக்கிறது.

செவலை வந்து பார்த்தபோது கரையில் ரத்தமும் கொஞ்சம் செம்மயிரும்தான் கிடந்தது.

அன்று மாலை கரிச்சான் வந்தது. கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தது. "வேடிக்கைக்குத்தான் அக்கா சொன்னேன். நீங்க இவ்வளவு நம்புவீங்கன்னு நான் கண்டேனா?" என்றது.

"கீழ வந்து நின்னு கேட்டேனே தம்பி" என்றது செவலை.

காடு இரண்டு நாள் வருத்தப்பட்டது. பிறகு பேச ஆரம்பித்தது. பெற்றவள் குட்டிகளை விட்டுவிட்டுப் போகலாமா என்றது மயில். நரிக்குப் போய் இந்தப் புத்தியா என்றன தவிட்டுக்குருவிகள். தனக்கு அப்போதே தெரியும் என்று கீரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டது. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று ஒருவரும் அதைக் கேட்கவில்லை. கரிச்சானுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. மீன் காய்த்த கதையை மறுபடி சொல்லு என்று பக்கத்து ஏரியிலிருந்தெல்லாம் வந்து கேட்டார்கள். பனைமரத்தடியில் நிற்க இடம் இல்லை.

அடுத்த வருஷம் மழை பெய்தது. ஏரி நிரம்பியது. சின்னவன் செவலையைவிட உயரமாக வளர்ந்துவிட்டான். ஒரு நாள் சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வளைக்குள் வந்தான்.

"அம்மா, பனைமரத்தடியில ஒரு கதை சொன்னாங்க. ஒரு லூசு நரி, மீன் விழும் மீன் விழும்னு புளியமரத்தடியில வாயைப் பொளந்துக்கிட்டு நின்னுச்சாம். அது மாதிரி நின்னுகாட்டச் சொன்னாங்க. நான் நின்னுகாட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அது யாருமா?"

செவலை அவன் தலையை நக்கிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் நக்கியது.

"உங்கம்மாதாண்டா" என்றது. "அன்னிக்கு உனக்கு ஒரு அக்கா இருந்தா."

நாலு பேர் சிரிக்க ஒரு பொய்யை அவிழ்த்துவிடுமுன், அதை நம்பி யார் எதைத் தனியாக விட்டுவிட்டுக் கிளம்பப் போகிறார்கள் என்று பார்க்காதவன் விளையாடவில்லை, கேடு செய்கிறான்.