கல்லாய் இருந்த அப்பன்

உப்பு வண்டி ஓட்டும் சடையப்பனுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது என்பார்கள். அதுகூடக் கொஞ்சம் தயவு பண்ணிச் சொன்னதுதான். சோற்றில் ஒரு கல் பல்லில் பட்டால் போதும், தட்டு முற்றத்துக்குப் பறக்கும்.

அப்படி ஒருநாள் பறந்த தட்டு, தவழ்ந்து வந்த மகள் வஞ்சியின் முன்னால் விழுந்து கணகணவென்று சுழன்றது. பிள்ளைமேல் படவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் மாட்டுச் சலங்கை தெருமுனையில் கேட்டாலே, அவள் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

எந்த அப்பனுக்குத்தான் அது தாங்கும்? மலைமேல் இருந்த மடத்துக்குப் போய், குருவின் காலில் விழுந்தான்.

"சாமி, என் கோபத்தை வேரோட பிடுங்கிப் போடுங்க. என் மக என்னைப் பாத்துப் பயப்படக் கூடாது. வேற ஒண்ணும் வேண்டாம்."

"இங்கே இரு. மூச்சைக் கவனி" என்றார் குரு.

சடையப்பன் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. மூச்சைக் கவனிக்கச் சொன்னால், முகத்தையும் சேர்த்துக் கட்டிப்போட்டான். மூக்கின்மேல் ஈ நடந்தாலும் இமை ஆடாது. ஒருமுறை யாரோ சூடான கஞ்சியை அவன் தொடையில் சிந்திவிட்டார்கள். ஒரு முனகல் கிடையாது.

"அடேயப்பா, கல்லுய்யா இவன்!" என்றார்கள் மற்ற சீடர்கள்.

அவனுக்கு உச்சி குளிர்ந்தது. குரு பார்த்துக்கொண்டிருந்தார்.

பௌர்ணமியன்று சீடர்களின் வீட்டார் அரிசியும் காய்கறியும் சுமந்து மலையேறி வந்து, மடத்திலேயே பொங்கி எல்லோரோடும் சாப்பிடுவது வழக்கம். சடையப்பனின் மனைவி தையல்நாயகியும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"சாமி, இவர் மாறியிருந்தா கூட்டிட்டுப் போறேன்" என்றாள் குருவிடம். "இல்லேன்னா இப்படியே எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். நான் தாங்கிக்குவேன். பிள்ளை தாங்காது."

"பிள்ளையை அவன் முன்னால் விடு" என்றார் குரு.

சடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இதற்காகத்தானே இத்தனை பாடு! முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், கண்ணைத் திறந்து, கல்லாக இருந்தான்.

வஞ்சி முதலில் தாயின் சேலைக்குள் ஒளிந்தாள். சத்தம் எதுவும் வரவில்லை. மெல்ல எட்டிப் பார்த்தாள். பிறகு தவழ்ந்து வந்து அவன் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

அவன் அசையவில்லை.

கை தட்டிக் காட்டினாள். "ப்பா" என்றாள். தாடியைப் பிடித்து இழுத்தாள். தலையைச் சாய்த்து, கீழிருந்து மேலாக அவன் கண்ணுக்குள் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

அவள் உதடு பிதுங்கியது. திரும்பித் தாயைப் பார்த்தாள், மறுபடியும் அவனைப் பார்த்தாள். அப்புறம் வந்தது பாருங்கள் ஓர் அழுகை! தன் கையைத் தானே கடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, முகம் கறுக்க அழுதாள். தட்டு பறந்த நாளில்கூடப் பிள்ளை அப்படி அழவில்லை.

தூக்க ஓடிய தையல்நாயகியை நிறுத்தி, குரு கேட்டார்: "சடையப்பா, என்ன செய்கிறாய்?"

"கோபமே வரலை சாமி."

"நீயும்தான் வரவில்லை."

கோபம் வரவில்லை என்று சடையப்பன் சொன்னது பொய். பிள்ளை அழ அழ அது அடிவயிற்றிலிருந்து குபுகுபுவென்று ஏறிக்கொண்டிருந்தது. 'நிறுத்துடீ' என்று கத்த வாய் திறந்தான். திறந்த வாயில் அந்தச் சொல் வரவில்லை. மிரண்ட மாட்டை அமர்த்த நாக்கை மேலண்ணத்தில் தட்டுவானே, அந்தச் சத்தம் வந்தது.

டொக்... டொக்... டொக்...

வஞ்சி அழுகையை நடுவிலேயே நிறுத்தினாள்.

அவன் மறுபடி தட்டினான். புருவம் தானாக உயர்ந்தது, கண் கலங்கியது, கட்டிப்போட்ட முகம் முழுக்க அவிழ்ந்துவிட்டது. அவள் விம்மிக்கொண்டே கையை நீட்டி, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று அவன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அவன் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டான்.

அவள் விம்மல் மெல்ல அடங்கியது. அப்போதுதான் அவன் அதைக் கவனித்தான். அவள் மூச்சு இறங்க இறங்க, அவன் மூச்சும் இறங்கிக்கொண்டிருந்தது. அடிவயிற்றில் கொதித்ததைக் காணோம். இவ்வளவு நாள் உட்கார்ந்து உட்கார்ந்து இறக்க முடியாததை, எச்சில் ஒழுகும் ஒரு சின்ன வாய் தோளில் பட்டு இறக்கிவிட்டது.

"சாமி, என்ன இது?" என்றான். "இவளை நான் அமத்துனேனா, என்னை இவ அமத்துனாளா?"

தையல்நாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையின் துணி மூட்டையை எடுத்துப் புருஷன் பக்கத்தில் வைத்தாள்.

"எந்திரிங்க. வீட்டுக்குப் போகலாம்."

சடையப்பன் எழுந்தான். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"சாமி, கோபம் திரும்பவும் வருமே. அன்னிக்கு நான் என்ன செய்ய?"

"மலைப்பாதை இறக்கத்தில் உன் மாடு ஒன்று மிரண்டால் என்ன செய்வாய்?"

"மிரளாத மாட்டை நிதானமா நடத்துவேன் சாமி. ஒரே நுகத்தடிதானே, அதோட நடை இதுக்கும் ஒட்டிக்கும்."

"எது மிரளாத மாடு?"

சடையப்பன் சிரித்துவிட்டான். "அதை யாரு கண்டா? ஒருநாள் இடத்து மாடு, ஒருநாள் வலத்து..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான். தோளில் தூங்கும் மகளைக் குனிந்து பார்த்தான்.

"மெதுவாகப் போ" என்றார் குரு. "வழியெல்லாம் இறக்கம்."