நீர்நாய் வாரிக்கொட்டிய ஓடுகள்

ஒரு காட்டில் என்றதும் சிங்கமும் புலியும் வரும் என்று காத்திருக்காதீர்கள், பிள்ளைகளே. இது கடலோரத்து அலையாத்திக் காடு. பாதி நாள் தண்ணீரில் நிற்கும், பாதி நாள் சேற்றில் நிற்கும். அங்கே ஓடை கடலில் சேரும் இடத்தில் ஒரு சிப்பித் திட்டு இருந்தது. அதில் கிடைக்கும் சிப்பியையும், அதன் இடுக்கில் ஒதுங்கும் பொடி மீனையும் நம்பித்தான் ஒரு நீர்நாய் தன் இரண்டு குட்டிகளை வளர்த்தது.

அந்த நீர்நாய்க்குச் சுத்தம் என்றால் உயிர். வளை வாசலில் ஓர் இலை கிடந்தால்கூடத் தூக்கம் வராது.

தண்ணீர் வற்றும் நேரத்தில் மீனவர் குப்பத்திலிருந்து அஞ்சலாட்சியும் அவளுடைய நாத்தனாரும் திட்டுக்கு வருவார்கள். வெறுங்கூடையோடு வரமாட்டார்கள். போன தடவை எடுத்த சிப்பிகளின் காலி ஓடுகளைச் சுமந்து வந்து முதலில் திட்டில் பரப்புவார்கள். "பசியாத்தினே தாயே, இந்தா உன் ஓடு" என்று திட்டைப் பார்த்துச் சொல்வாள் அஞ்சலாட்சி. பிறகுதான் பெரிய சிப்பிகளை மட்டும் பெயர்த்தெடுப்பார்கள்.

நீர்நாய்க்கு எரிச்சலாக வந்தது. சதையைத் தின்றுவிட்டுக் குப்பையை நம் வாசலில் கொட்டுகிறார்கள், அதற்கு நன்றி என்று பெயர் வேறு வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்துச் சேற்று வளையில் குடியிருந்த நண்டிடம் பொருமியது.

நண்டு பொறுமைசாலி. "கொட்டவில்லை, அடுக்குகிறார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்" என்றது.

பொறுக்குமா நம் சுத்தக்காரருக்கு? பெண்கள் போனதும் ஓடுகளை ஒவ்வொன்றாகக் கவ்விக் கொண்டுபோய் ஓடையின் ஆழத்தில் போட்டது. அவர்கள் பரப்பப் பரப்ப இது வாரிக்கொட்டியது. திட்டு கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி ஆனதும், தன்னைத் தானே மெச்சிக்கொண்டது.

மழைக்காலம் வந்து போனது. இருந்த சிப்பிகள் குறைந்தன, புதிதாக ஒன்றும் வரவில்லை. பொடி மீன்களும் ஒதுங்க இடமில்லாமல் வேறெங்கோ போய்விட்டன. ஒரு நாள் அஞ்சலாட்சி வந்து பார்த்தாள். மிச்சமிருந்ததைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. கொண்டுவந்த ஓடுகளைப் பரப்பிவிட்டு வெறுங்கூடையோடு திரும்பினாள். இங்கே வளைக்குள் சின்னக் குட்டி பசியில் எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தது.

நீர்நாய் நண்டிடம் ஓடி வந்து அழுதது. நண்டு சொன்னது: "சிப்பிக் குஞ்சு கடுகளவுதான் இருக்கும். மிதந்து வரும்போது ஒட்டிக்கொள்ள ஓர் ஓடு கிடைத்தால் பிழைக்கும். கிடைக்காவிட்டால் சேற்றில் புதைந்து சாகும். நீ குப்பை என்று வாரிக்கொட்டியது அதன் தொட்டில்."

நீர்நாய்க்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தூரத்து ஓடையில் மீன் தேடிக் குட்டிகளுக்கு ஊட்டியது. மற்ற நேரமெல்லாம் ஆழத்தில் மூழ்கி மூழ்கி, தான் போட்ட ஓடுகளைத் திட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. ஓட்டின் விளிம்பு கீறி வாயெல்லாம் புண்ணானது. அப்படியும் விடவில்லை.

மாதங்கள் கழிந்தன. ஓடுகளின் மேல் புதுச் சிப்பிகள் நெருக்கியடித்துக்கொண்டு வளர்ந்தன. மீனும் திரும்பியது, பெண்களும் திரும்பினார்கள். ஆழத்துக் கருஞ்சேறு அப்பிய ஓடுகளையும், சுற்றிலும் பதிந்த நீர்நாயின் கால் தடங்களையும் அஞ்சலாட்சி குனிந்து பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் சிப்பியைத் திறந்து ஒரு வேரின் மேல் வைத்தாள். "இது உனக்கு. நீ நல்லா இருக்கணும்" என்றாள்.

அவர்கள் போன பின் குட்டிகள் அதைப் பங்குபோட்டுத் தின்றன. இந்தக் காலி ஓட்டை எங்கே எறிவது என்று சின்னக் குட்டி கேட்டது.

"எறியாதே, கண்ணு" என்றது நீர்நாய். ஓட்டை மெல்லக் கவ்விக் கொண்டுபோய்த் திட்டின் மேல் வைத்தது. "பசியாற்றினாய், தாயே" என்றது.

நீதி: நன்றியைச் சொன்னால் மட்டும் போதாது, எடுத்த இடத்துக்குத் திருப்பியும் கொடுக்க வேண்டும்.