இலையின் இடப்பக்கம்

"அம்மா என்னைப் பார்க்கிறதே இல்லை," என்றார் வில்வநாதன்.

"பார்க்காமல் இருக்கிறதும் ஒரு பார்வைதான் ஐயா," என்றான் மாசிலாமணி.

வில்வநாதனுக்கு அவனை ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது.

மலையடிவாரத்தில் இருந்தது அந்தத் தபோவனம். ஓட்டுக்கூரை, ஒரு கிணறு, மாசிலாமணியையும் சேர்த்து ஏழெட்டுச் சீடர்கள். குரு தையல்நாயகி அம்மைக்கு ஐம்பது வயதுகூட இருக்காது. சீடர் வில்வநாதனுக்கு அறுபது தாண்டிவிட்டது. மனைவி போன பிறகு வீட்டைப் பூட்டி, சாவியைத் தங்கை மகன் கையில் கொடுத்துவிட்டு வந்தவர். திரும்பிப் போகும் யோசனையே இல்லாமல் வந்தவர்.

மாசி மாதத்தில் அம்மைக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் வலப்பக்கத்தில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். நல்லவேளையாக இடது கையும் காலும் மெல்ல மெல்லப் பழையபடி ஆயின. பேச்சில் குழறல் இல்லை. கண்ணைச் சோதித்த டாக்டர், கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்.

எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

ஆனால் ஊர் திரும்பிய அம்மை பழைய அம்மையாக இல்லை.

இலையில் வலப்பக்கம் இருப்பதை மட்டும் சாப்பிட்டார். இடப்பக்கம் வைத்த கூட்டும் பொரியலும் வைத்தது வைத்தபடி கிடந்தன. "இன்னைக்குப் பொரியல் இல்லையா?" என்று வேறு கேட்டார்.

"பாதி இலை, பாதி ஆசை," என்று விளக்கம் சொன்னான் மாசிலாமணி.

"சரி, பொரியல் இல்லையான்னு கேட்டாங்களே, அது?"

"இருக்கிறதை இல்லைன்னு பார்க்கிறது ஐயா. அதுக்கெல்லாம் பக்குவம் வேணும்."

மறுநாளிலிருந்து எல்லோரும் இலையில் பாதியை ஒதுக்கினார்கள்.

அம்மை நெற்றியின் வலப்பக்கம் மட்டும் திருநீறு பூசி வந்தார். சீடர்கள் நெற்றியிலும் பாதித் திருநீறு ஏறியது. ஊருக்குள் அரிசி வாங்கப் போனவர்களைப் பார்த்துக் கடைக்காரர், "என்ன சாமி, திருநீற்றுக்கும் தட்டுப்பாடா?" என்றார்.

வில்வநாதனும் பாதிதான் பூசினார். மனம் கேட்கவில்லை. இருந்தாலும் பூசினார்.

பந்தியில் அம்மைக்கு வலப்பக்கம் மாசிலாமணி உட்காருவான். இடப்பக்கம் வில்வநாதன். வந்த நாள் முதல் அதுதான் அவர் இடம். அம்மை எப்போது தன் பக்கம் திரும்புவார் என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்.

அவருக்கும் இடப்பக்கம் இன்னொருவர் இருந்தார். அம்மை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சேர்ந்தவர். அடிக்கடி இருமுவார்.

ஒருநாள் பந்தியில் வில்வநாதன் துணிந்து வாயைத் திறந்தார்.

"அம்மா, எனக்குச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வருது. கோபப்படுறது நானா, என் மூளையா?"

அம்மை மாசிலாமணி பக்கம் திரும்பினார்.

"உனக்கு எதுக்குப்பா இவ்வளவு கோபம்?"

"நான் கேட்கலையே அம்மா!"

"கேட்டுட்டு இல்லைங்கிறியே."

பந்தியே சிரித்தது. வில்வநாதன் சிரிக்கவில்லை. காது மடல் சுட்டது. இந்த வயதில், இத்தனை பேர் முன்னால்.

"அண்ணாச்சி, அந்தச் செம்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க," என்றது இடப்பக்கத்து இருமல்.

திரும்பாமலே தள்ளிவிட்டார்.

அதற்குப் பிறகும் பொறுத்துத்தான் பார்த்தார். காலையில் வழக்கம்போல் அம்மையின் இடப்பக்கம் போய் நின்று கும்பிட்டார். பதில் இல்லை. தண்ணீர் நீட்டினார். அம்மையின் கை வரவில்லை. தன்னிடம் ஏதோ அழுக்கைக் கண்டுகொண்டுதான் ஒதுக்குகிறார் என்று முடிவு செய்தார். எந்த அழுக்கு என்று தேடினார். தேடத் தேட நிறையக் கிடைத்தது.

ஒருநாள் காலையில் பையை எடுத்து வேட்டிகளை அடுக்கினார்.

"அண்ணாச்சி, போறீங்களா?" என்றது வாசல் பக்கமிருந்து இருமல்.

"ம்."

"உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்னு இருந்தேன்..."

வில்வநாதன் பையின் ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. அதோடு மல்லுக்கட்டி முடித்தபோது வாசலில் யாரும் இல்லை.

குருவை வலம் வந்து விழுந்து வணங்கிவிட்டுத்தான் விடைபெற வேண்டும். அங்கே அதுதான் முறை. அவர் போன நேரம் பந்தி பாதி நடந்துகொண்டிருந்தது. வில்வநாதனின் இடம் மட்டும் காலியாக இருந்தது.

வழிவிட்டு மாசிலாமணி காலை மடக்கிக்கொண்டான். வில்வநாதன் கைகூப்பியபடி அம்மையின் வலப்பக்கம் வந்தார்.

அம்மை நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது.

"அடடே, வில்வநாதன்! எங்கே போயிருந்தீங்க? ரொம்ப நாளா ஆளையே காணோம்?"

வில்வநாதன் வலம் வருவதை நிறுத்தவில்லை. கூப்பிய கையோடு நடந்தார். முதுகுப்புறமாகச் சுற்றி இடப்பக்கம் வந்தார். தினமும் தான் உட்காரும் இடத்தில் நின்றார்.

"எங்கேப்பா போயிட்டார்?" என்று அம்மை மாசிலாமணியைக் கேட்டார்.

"இங்கேதான் இருக்கேன் அம்மா," என்றார் வில்வநாதன்.

குரல் கேட்டு அம்மை வலப்பக்கம் திரும்பினார். இன்னும் திரும்பினார். மாசிலாமணியின் தோளுக்குப் பின்னால் பார்த்தார். தூணுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"குரல் கேட்குது. ஆள் எங்கே?"

வில்வநாதனின் கோபம் பாதியில் நின்றது.

அம்மை நடிக்கவில்லை. தேடினார்.

வில்வநாதன் அவருடைய இலையைப் பார்த்தார். வலப்பக்கம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. இடப்பக்கம் கை படவில்லை. நடுவே வகிடு எடுத்ததுபோல் ஒரு கோடு. நெற்றியைப் பார்த்தார். அங்கேயும் அதே கோடு.

பையைக் கீழே வைத்தார். குனிந்து இலையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து, இடம் வலமாகும்படி அப்படியே அரைவட்டம் சுற்றி வைத்தார்.

"ஐயா!" மாசிலாமணி பதறினான். "நுனி வலப்பக்கம் வரலாமா? அபசகுனம்!"

அம்மை இலையைப் பார்த்தார்.

"பொரியல்! யார் வச்சது?"

"முதல்லயே இருந்தது அம்மா."

"எங்கே?"

"இடப்பக்கம்."

அம்மையின் கை இலைமேல் நின்றது.

"அப்போ நான் பாதி இலையா சாப்பிட்டேன்?"

"ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்தே அப்படித்தான் அம்மா."

அம்மை பொரியலை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பாதியா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே," என்றார் பிறகு. "எனக்கு அது முழு இலையாத்தான் இருந்தது."

மாசிலாமணி யாருக்கும் தெரியாமல் புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"பேசிக்கிட்டே இருங்க வில்வநாதன்," என்றார் அம்மை.

"என்ன பேச அம்மா?"

"எதையாவது."

"நான் ஊருக்குக் கிளம்பிட்டேன். பையெல்லாம் கட்டியாச்சு. அதுல ஜிப்பு சரியில்லை..."

அம்மை வலது கையைத் தாடையில் வைத்து, கதவைத் தள்ளுவதுபோல் முகத்தை இடப்பக்கம் தள்ளினார். நெற்றி வேர்த்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது முகம். கண் வில்வநாதனைத் தொட்டது.

"இங்கேயா இருந்தீங்க?"

"தினமும்."

"நான் பேசலையா உங்ககிட்ட?"

வில்வநாதன் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"நாளையிலிருந்து நான் வலப்பக்கம் உட்கார்ந்துக்கறேன் அம்மா. அப்போ உங்களுக்குச் சிரமம் இருக்காது."

"வேண்டாம். அங்கேயே இருங்க."

"இங்கே இருந்தா நான் உங்களுக்குத் தெரிய மாட்டேனே."

"அதனாலதான். அப்போதான் அந்தப் பக்கம் திரும்பணும்னு எனக்கு ஞாபகம் இருக்கும்."

அம்மையின் முகம் மெல்ல மெல்ல வலப்பக்கம் நழுவியது. பிடித்து நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை.

"உங்களுக்கு அந்தப் பக்கத்தில் யாரோ இருமுறாங்களே," என்றார். "யார் அது? என்னால அவ்வளவு தூரம் திரும்ப முடியலை. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

வில்வநாதன் வாயைத் திறந்தார்.

இருமல் ஞாபகம் இருந்தது. செம்பு கேட்டது ஞாபகம் இருந்தது. வாசலில் ஏதோ கேட்க வந்தது ஞாபகம் இருந்தது. முகம் ஞாபகம் வரவில்லை.

அவர் இடப்பக்கம் திரும்பினார்.

நாற்பது வயது இருக்கும். ஒட்டிய கன்னம், நெற்றியில் பாதித் திருநீறு. கையில் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பேர் என்ன?" என்று கேட்டார் வில்வநாதன்.